எடிட்டருக்குள் கிட்: எங்கிருந்து தொடங்குவது?

2017-இல் விஷுவல் ஸ்டுடியோ கோட் (விஎஸ் கோட்) எடிட்டரின் பிழைப் பதிவேட்டுக்குக் கொந்தளிப்பான புகார் ஒன்று வந்தது. எழுதியவர் அந்த எடிட்டருக்குப் புதியவர். மூன்று மாதமாகச் செய்த வேலையை அதில் திறந்து, சோர்ஸ் கண்ட்ரோல் என்ற பகுதியில் என்னதான் இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். சுமார் ஐயாயிரம் கோப்புகளை அது 'மாற்றங்கள்' என்று வரிசையாகக் காட்டியது. இந்தப் பட்டியல் நமக்கு வேண்டாம் என்று நினைத்து 'டிஸ்கார்ட்' கொடுத்தார். பட்டியலோடு கோப்புகளும் போய்விட்டன. ரீசைக்கிள் பின்னிலும் ஒன்றுமில்லை.

அந்தப் புகாரைப் படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பேக்கப் இல்லாமல் மூன்று மாதம் வேலை செய்தவர், எச்சரிக்கையையும் படிக்காமல் பொத்தானை அழுத்தினால் யார் என்ன செய்ய முடியும் என்றது ஒரு கட்சி. கோப்பையே அழிக்கும் வேலைக்கு 'மாற்றங்களைக் கைவிடு' என்று சாதுவாகப் பெயர் வைத்தால் புதியவருக்கு எப்படிப் புரியும் என்றது இன்னொரு கட்சி. எச்சரிக்கைப் பெட்டியின் வாசகம் பின்னர் கடுமையாக்கப்பட்டது. அந்தச் சண்டைக்குள் இருந்த கேள்வி மட்டும் தீரவில்லை. நிரல் எழுதப் பழகுகிறவர் பதிப்புக் கட்டுப்பாட்டை எடிட்டரின் பொத்தான்கள் வழியாகக் கற்கலாமா, அல்லது கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் கற்க வேண்டுமா? எதை முதலில் கற்க வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும்?

மூன்று தலைமுறைக் கருவிகள்

கோப்பின் பழைய வடிவங்களைச் சேர்த்துவைக்கும் கருவி கிட்டோடு பிறக்கவில்லை. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியை உருவாக்கினார். 1980-களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்.சி.எஸ். செய்தார். இவை தனித்தனிக் கோப்புகளைக் கவனித்தன. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்தும்போது அதைப் பூட்டி வைப்பதே அன்றைய வழக்கம். அடுத்து வந்த சி.வி.எஸ்., 2004-இல் முதல் முழுப் பதிப்பு கண்ட சப்வெர்ஷன் ஆகியவை முழுத் திட்டத்தையும் ஒரு மையச் சர்வரில் வைத்துக்கொண்டன. அங்கே கமிட் செய்வதென்றால், அதாவது மாற்றத்தைப் பதிவதென்றால், சர்வருக்கு அனுப்புவது என்றுதான் பொருள்.

மூன்றாம் தலைமுறை ஒரு தகராறில் பிறந்தது. லினக்ஸ் கெர்னல் குழு 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவியை இலவச உரிமத்தில் பயன்படுத்திவந்தது. 2005 ஏப்ரலில் அந்த உரிமம் போயிற்று. லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று எழுதத் தொடங்கிய கிட், ஏப்ரல் 7 அன்றே தன் சொந்த நிரலைத் தானே பராமரிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. கெர்னல் நிரலர்களின் அவசரத் தேவைக்காக எழுதப்பட்ட கருவி என்பதால், கல்லூரி மாணவர் ஒருவர் முதன்முதலாகப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்ற கவலை அதன் வடிவமைப்பில் கிடையாது. அந்தக் கருவியைத்தான் இன்று கிட்டத்தட்ட எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். 2022-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கணக்கெடுப்பில் சுமார் 94 விழுக்காட்டினர் கிட்டைக் குறிப்பிட்டார்கள்.

எடிட்டர்களும் சும்மா இருக்கவில்லை. ஈமேக்ஸில் எரிக் ரேமண்ட் 1992-இலேயே பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பகுதி எழுதினார். அதே எடிட்டருக்கு 2008-இல் வந்த மேஜிட், கிட்டை ஒற்றை எழுத்து விசைகளால் இயக்க வைத்தது. ஜெட்பிரெயின்ஸ் கருவிகளில் கமிட்டுக்கெனத் தனிச் சாளரமே உண்டு. 2015 ஏப்ரலில் அறிமுகமான விஎஸ் கோட் கிட்டை இயக்கும் பகுதியை முதல் நாளிலிருந்தே உள்ளே வைத்துக்கொண்டது. இன்று புதியவர்களில் பெரும்பாலோர் கிட்டை முதலில் சந்திக்கும் இடம் அந்த எடிட்டரின் இடது ஓரத்தில் இருக்கும் கிளை வடிவப் படம்தான்.

நான்கு இடங்கள்

அந்தப் படத்தைச் சொடுக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. ஒரு கோப்புறையை கிட் கவனிக்கத் தொடங்கியது என்றால், அதற்குள் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைவான கோப்புறை ஒன்று உருவாகிவிட்டது என்று பொருள். இனிமேல் ஒவ்வொரு வரியும் நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கும். டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியும் கோப்பு முதல் இடம். அடுத்த கமிட்டுக்கென எடுத்துவைத்த ஸ்டேஜ் இரண்டாவது. மறைவான கோப்புறைக்குள் இருக்கும் கமிட் வரலாறு மூன்றாவது. கிட்ஹப், கிட்லேப் போன்ற வேறொரு கணினியில் இருக்கும் நகல் நான்காவது. ஊருக்குப் புறப்படுகிறவர் எடுத்துப்போக வேண்டியதை மட்டும் பெட்டியில் போடுமுன் கட்டில்மேல் எடுத்துவைப்பதைப் போன்றது ஸ்டேஜ். அலமாரியில் இருப்பதெல்லாம் பயணத்துக்கு வராது.

எடிட்டரின் எந்தப் பொத்தானும் ஏதோ ஒன்றை இந்த நான்கில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது. எதை எங்கிருந்து எங்கே என்று சொல்லத் தெரிந்தவருக்கு அந்தப் பொத்தானால் ஆபத்தில்லை.

மின்கட்டணம் கணக்கிடும் சின்ன பைத்தான் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 100 யூனிட் வரை கட்டணமில்லை என்ற விதியை மாணவர் '100-க்குக் குறைவு' என்று எழுதிவிட்டார். சரியாக 100 யூனிட் ஓடிய வீட்டுக்கும் பில் வருகிறது. அவர் விஎஸ் கோடில் அந்தக் கோப்புறையைத் திறந்து, 'இனிஷியலைஸ் ரெப்பாசிட்டரி' கொடுக்கிறார். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் யூ என்ற ஆங்கில எழுத்து தோன்றும். கிட் இதை இன்னும் கண்காணிக்கவில்லை என்பதன் அடையாளம் அது. கூட்டல் குறியை அழுத்தினால் கோப்பு ஸ்டேஜுக்குப் போய் எழுத்து ஏ ஆகும். மேலே உள்ள பெட்டியில் ஒரு வரி எழுதி 'கமிட்' கொடுத்தால் பட்டியல் காலியாகிவிடும்.

முதல் தடவை பலருக்கு இங்கே ஒரு தடை வரும். பெயரும் மின்னஞ்சலும் அமைக்கப்படவில்லை என்று எடிட்டர் மறுத்துவிடும். காரணம், விஎஸ் கோடுக்குள் கிட் கிடையாது. கணினியில் தனியாக நிறுவியிருக்கும் கிட்டைத்தான் அது பின்னாலிருந்து அழைக்கிறது. விண்டோஸில் அதைத் தனியே இறக்கி நிறுவ வேண்டும். அதற்குப் பெயரையும் மின்னஞ்சலையும் டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் இரண்டு வரி அடித்து ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அந்த மின்னஞ்சல் ஒவ்வொரு கமிட்டிலும் பதிந்துவிடும், ரெப்போவை (கிட் கவனிக்கும் கோப்புறையை) பொதுவில் வைத்தால் எவரும் பார்க்கலாம். அது வேண்டாம் என்பவர்களுக்காகவே கிட்ஹப் ஒரு மறைமுகவரி தருகிறது.

இனிமேல்தான் சுவாரசியம். மாணவர் அந்த நிபந்தனையை '100 அல்லது அதற்குக் குறைவு' என்று திருத்துகிறார். வரி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வண்ணப் பட்டை தோன்றுகிறது. அதைச் சொடுக்கினால் பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலும் அங்கேயே விரிகின்றன. சோதனைக்காக நாலு வரி கீழே ஒரு பிரிண்ட் கட்டளையும் போட்டிருக்கிறார். அது கமிட்டில் போகக்கூடாது. திருத்திய வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, 'ஸ்டேஜ் செலக்டட் ரேஞ்சஸ்' கொடுக்கிறார். இப்போது ஒரே கோப்பு இரண்டு பட்டியல்களிலும் தெரியும். ஸ்டேஜில் திருத்தம் மட்டும் இருக்கிறது, பிரிண்ட் வரி வெளியே நிற்கிறது. 'சரியாக 100 யூனிட் வந்தால் கட்டணம் போட்டதைத் திருத்தியது' என்று எழுதிக் கமிட் செய்கிறார். ஸ்டேஜ் எதற்கு என்று பாடப்புத்தகத்தில் நாலு பக்கம் படித்தும் புரியாதது இந்த ஓர் அனுபவத்தில் புரிந்துவிடும். இதையே கட்டளைத் திரையில் செய்வதென்றால், துண்டு துண்டாகக் கேள்வி கேட்கும் ஓர் உரையாடலில் ஒற்றை எழுத்துப் பதில்கள் சொல்லியாக வேண்டும். முதல் வாரத்தில் அது எவருக்கும் தலைவலி.

எடிட்டரில் தொடங்குவதற்கான வலுவான நியாயம் இதுதான். கமிட் செய்யுமுன் என்ன மாறியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் பழக்கத்தை அது தருகிறது.

பொத்தான் மறைப்பவை

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எதையும் ஸ்டேஜ் செய்யாமல் கமிட் பொத்தானை அழுத்தினால், எல்லாவற்றையும் ஸ்டேஜ் செய்து நேரே கமிட் செய்யட்டுமா என்று விஎஸ் கோட் கேட்கும். அதில் 'எப்போதும்' என்றும் ஒரு பதில் உண்டு. முதல் நாளே அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஸ்டேஜ் என்று ஓர் இடம் இருப்பதே மறந்துபோகும். பிரிண்ட் வரிகளும் பரிசோதனைக் கோப்புகளும் வரலாற்றில் ஏறிவிடும்.

'சிங்க் சேஞ்சஸ்' இன்னொன்று. பார்வைக்கு ஒரு பொத்தான், செய்வது இரண்டு வேலை. வெளியில் இருப்பதை முதலில் இழுத்துவரும், பிறகு உள்ளே இருப்பதைத் தள்ளும். தனியாக வேலை செய்கிறவருக்கு இதில் தொல்லையில்லை. இருவர் ஒரே கிளையில் வேலை செய்தால், இழுக்கும்போதே இரு தரப்பு மாற்றங்களையும் இணைக்கும் மெர்ஜ் நடந்து, அவை ஒரே வரியில் மோதும் கான்ஃப்ளிக்ட் வரலாம். அனுப்பத்தானே சொன்னேன், என் கோப்புக்குள் இதெல்லாம் எப்படி வந்தது என்று புதியவர் திகைப்பது இந்த இடத்தில்தான். புல், புஷ் இரண்டும் மெனுவில் தனித்தனியாகவே இருக்கின்றன. முதல் சில வாரங்களுக்கு அவற்றையே பயன்படுத்தினால் எந்தப் படியில் சிக்கல் வந்தது என்பது தெரியும்.

எல்லாவற்றிலும் கொடியது டிஸ்கார்ட். ஏற்கெனவே கமிட் செய்த கோப்பில் அதைக் கொடுத்தால் கோப்பு கடைசியாகப் பதிந்த நிலைக்குத் திரும்பும். இழப்பு, அதற்குப் பிறகு எழுதிய வரிகள் மட்டும். கமிட்டே ஆகாத கோப்பில் கொடுத்தால் திரும்பிப்போக முந்தைய நிலை என்று ஒன்று கிடையாது, கோப்பே நீக்கப்படும். 2017-இல் ஐயாயிரம் கோப்புகளும் இந்த இரண்டாம் வகை. மறைவான கோப்புறைக்குள் அவற்றின் ஒரு நகல்கூடப் போய்ச்சேர்ந்திருக்கவில்லை. புதிய கோப்புகளை நேரடியாக அழிக்காமல் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் வசதி அண்மைப் பதிப்புகளில் வந்திருக்கிறது. 2022 மார்ச்சில் சேர்ந்த லோக்கல் ஹிஸ்டரியும் சேமிக்கும்போதெல்லாம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும், கோப்புக்கு ஐம்பது வரை. ஆனால் அந்த எடிட்டரில் திறந்து சேமித்த கோப்புகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. வேறெங்கோ எழுதிக் கொண்டுவந்து போட்டவற்றுக்கு இல்லை.

ஆகவே கற்பிக்கும் வரிசையில் ஒரு விதியைக் கறாராகவே வைக்கலாம். முதல் கமிட் முடியும்வரை டிஸ்கார்ட் பக்கம் போகக்கூடாது.

ஐயாயிரம் கோப்புகள் பட்டியலில் வந்து நிற்பது அபூர்வமும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றில் நோட் மாட்யூல்ஸ் என்ற கோப்புறை இருந்தால் இதைவிடப் பெரிய எண்ணிக்கையும் சர்வசாதாரணம். அவை இணையத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக் கூடியவை, வரலாற்றில் சேர்க்க வேண்டியதில்லை. கிட்இக்னோர் என்ற கோப்பில் அந்தப் பெயரை ஒரு வரி எழுதினால் பட்டியல் சில கோப்புகளாகச் சுருங்கும். இனிஷியலைஸ் கொடுத்த உடனே, முதல் கமிட்டுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

வெளியே அனுப்பும்போது

'பப்ளிஷ் டு கிட்ஹப்' என்ற பொத்தான் முன்னொரு காலத்தில் அரை நாள் பிடித்த வேலையை ஒரு நிமிடத்தில் முடிக்கிறது. கடவுச்சொல்லை அடித்து நிரலை அனுப்பும் முறையை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் நிறுத்திவிட்டது. டெர்மினலில் தொடங்குகிறவர் பல நேரங்களில் டோக்கனோ எஸ்.எஸ்.எச். சாவியோ உருவாக்கக் கற்றாக வேண்டும். எடிட்டர் பிரவுசரைத் திறந்து உள்நுழையச் சொல்லி, மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.

அந்த வேகத்தில்தான் கவனம் தேவைப்படுகிறது. பொத்தானை அழுத்தியதும் ரெப்போ தனிப்பட்டதா, பொதுவா என்று இரண்டு வரி தோன்றும். பொதுவைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய திட்டத்தில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லோ கிளவுட் சாவியோ இருந்தால் அது உலகத்துக்கே போய்விடும். டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவையில் இதுதான் நடந்தது. ஒப்பந்த நிறுவனம் ஒன்று மூலநிரலின் ஒரு பகுதியைப் பொது கிட்ஹப் ரெப்போவில் போட்டுவிட்டது. சர்வருக்கான சாவி 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை அதில் கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கக்கூடும் என்று நிறுவனம் அறிவித்தது. தனிப்பட்ட ரெப்போ என்றால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. 2016-இல் ஊபர் நிறுவனத்தின் 5.7 கோடிப் பேரின் விவரங்களைத் திருடியவர்கள், அதன் பொறியாளர்களின் தனிப்பட்ட கிட்ஹப் இடத்திலிருந்துதான் அமேசான் சாவியை எடுத்தார்கள்.

இத்தகைய தவறுக்குப் புதியவர்கள் தேடும் பரிகாரம் சாவியை அழித்துவிட்டு இன்னொரு கமிட் போடுவது. அதனால் பலனில்லை. முந்தைய கமிட்டில் சாவி அப்படியே இருக்கும். வரலாற்றைக் காக்கவென்றே செய்த கருவி அது. வழங்கிய இடத்துக்குப் போய்ச் சாவியைச் செல்லாததாக்குவதே உடனடியாகச் செய்ய வேண்டியது. அடையாளம் தெரிந்த வகைச் சாவிகள் பொது ரெப்போவுக்கு வரும்போதே தடுக்கும் ஏற்பாட்டை கிட்ஹப் 2024-இல் எல்லோருக்கும் இயல்பாக்கியது.

தமிழ்க் கோப்புக்கு வரும் சோதனை

தமிழ் நூலகங்கள், அகராதிகள், மின்னூல்கள் கிட்ஹப்பில் வளர்கின்றன. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் ஓர் உதாரணம். இத்தகைய வேலையில் இறங்குகிறவர் கோப்புக்கு 'அகராதி' என்று தமிழிலேயே பெயர் வைத்துவிட்டு டெர்மினலில் நிலவரம் கேட்டால், \340\256\205\340\256\225 என்று எண்கள் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அ, க என்ற எழுத்துகளின் யூடிஎஃப்-8 பைட்டுகளை கிட் எட்டடிமான எண்களாக எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கோர்.க்வோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். எடிட்டரின் பட்டியலில் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. பழைய விண்டோஸ் நோட்பேடில் 'யூனிகோட்' என்று சேமித்த கோப்புகள் யூடிஎஃப்-16 வடிவில் இருக்கும். கிட் அவற்றை எழுத்துக் கோப்பு என்று ஒப்புக்கொள்ளாது. படம், பாடல் மாதிரி பைனரி என்றே கருதும், வரிக்கு வரி வித்தியாசம் காட்டாது. யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்த பிறகு கமிட் செய்தால் தீர்ந்தது. உரைநடை எழுதுகிறவர்கள் ஒன்று கவனிக்கலாம். கிட் மாற்றத்தை வரி வரியாக எண்ணுகிறது. முழுப் பத்தியும் ஒரே வரியாக இருந்தால், ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினாலும் பத்தியே மாறியதாகப் பதியும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதுகிறவர்கள் இந்தக் காரணத்துக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

கறுப்புத் திரை தேவையா?

கற்பிப்பவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆய்வாளர்களுக்கு நிரல் பழக்கும் சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி பயிலரங்குகள் கிட்டை டெர்மினலில்தான் சொல்லித் தருகின்றன. எம்.ஐ.டி.யில் 2020-இல் நடந்த 'மிஸ்ஸிங் செமஸ்டர்' வகுப்பு கட்டளையையும் பொத்தானையும் தள்ளிவைத்துவிட்டு, கிட் தகவலை உள்ளே எப்படி அடுக்குகிறது என்பதில் தொடங்கியது. அதே எம்.ஐ.டி.யில் சாந்தியாகோ பெரெஸ் டி ரோஸோவும் டேனியல் ஜாக்சனும் 2013-இல் எழுதிய ஆய்வு பழியைக் கிட்டின் மீதே போட்டது. கற்பவருக்கு மூளை போதாததால் குழப்பம் வருவதில்லை, கருத்துகளே ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கின்றன என்பது அவர்கள் வாதம். சிக்கலின் முக்கிய இடங்களில் ஒன்றாக அவர்கள் சுட்டியது ஸ்டேஜை. அது இல்லாத கிட்லெஸ் என்ற மாற்று வடிவத்தையும் செய்து காட்டினார்கள். கிட்டும் கொஞ்சம் இறங்கிவந்தது. கிளை மாறுவது, கோப்பை மீட்பது என்று பல வேலைகளுக்கு ஒரே செக்அவுட் கட்டளை இருந்த நிலைமையை மாற்றி, 2019-இல் ஸ்விட்ச், ரெஸ்டோர் என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எடிட்டரா, டெர்மினலா என்ற பட்டிமன்றத்தில் ஒரு பக்கம் சாய வேண்டிய அவசியமில்லை. வித்தியாசம் பார்ப்பது, பகுதி பகுதியாக ஸ்டேஜ் செய்வது, கான்ஃப்ளிக்ட் தீர்ப்பது ஆகியவற்றில் எடிட்டரே மேல். 2022-இல் விஎஸ் கோடில் வந்த மெர்ஜ் எடிட்டர் இரு தரப்பையும் மேலே வைத்து, முடிவைக் கீழே காட்டுகிறது. நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று கேட்பதற்கு மட்டும் டெர்மினல் மேல். 'கிட் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை எந்தக் கிளை, எது ஸ்டேஜில், எது வெளியே என்று சொல்வதோடு, அடுத்து என்ன செய்யலாம் என்றும் எழுதிக் காட்டும். பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் அதே எடிட்டரின் அடியில் இருக்கும் டெர்மினலில் அதை ஒருமுறை அடித்துப் பார்க்கிறவர், பொத்தான் செய்த வேலையைத் தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்கிறார்.

வரிசை இப்படி அமையலாம். முதல் வாரம் தன் கணினிக்குள்ளேயே இருந்து கமிட் செய்வது, வரலாற்றில் பின்னோக்கிப் பார்ப்பது. இரண்டாவது வாரம் ஒரு கிளை பிரித்து, வேண்டுமென்றே ஒரே வரியை இரண்டு கிளையிலும் மாற்றி, கான்ஃப்ளிக்டை வரவழைத்துத் தீர்ப்பது. அதன் பிறகு கிட்ஹப், புல், புஷ். ஒரு கிளையின் கமிட்டுகளை இன்னொரு கிளையின் மேல் மறுபடி அடுக்கும் ரீபேஸ் கடைசியில்தான். அதில் 'கரண்ட்', 'இன்கமிங்' என்ற இரண்டு தரப்பும் இடம் மாறி நிற்பது பழகியவர்களையே தடுமாற வைக்கும். கமிட் செய்தியை ஏஐ எழுதித் தரும் பொத்தானும் இப்போது வந்துவிட்டது. எந்த வரி மாறியது என்று அது சரியாகவே சொல்லும். 100 யூனிட் வீட்டுக்கு ஏன் பில் வந்தது என்ற கதை திருத்தியவருக்குத்தான் தெரியும்.

இந்த வரிசையே இன்னும் சில ஆண்டுகளில் மாறக்கூடும். கூகுள் பொறியாளர் மார்ட்டின் வான் ஸ்வைக்பெர்க் தொடங்கிய ஜுஜுட்சு என்ற கருவி, கிட் ரெப்போவின் மேலேயே இயங்குகிறது. அதில் ஸ்டேஜ் கிடையாது. கட்டளை எதைக் கொடுத்தாலும், கோப்புறையின் அப்போதைய நிலை முதலில் தானாகவே ஒரு கமிட்டில் பதிந்துவிடும். செய்த செயலையே 'அன்டூ' கொடுத்துத் திரும்பப் பெறவும் வழியுண்டு. எம்.ஐ.டி. ஆய்வு கேட்ட மாற்றங்களில் சில அதில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. விஎஸ் கோடில் அதற்கு இப்போதைக்குத் தனி எக்ஸ்டென்ஷன்களைத்தான் நம்ப வேண்டும். அது கிட்டைப்போல எடிட்டருக்குள்ளேயே வந்து அமரும் நாளில், பாடத்தில் ஸ்டேஜும் டிஸ்கார்டும் பிடித்திருக்கும் இடம் பாதியாகக் குறையும். வித்தியாசத்தைப் படிப்பதும், கான்ஃப்ளிக்ட் தீர்ப்பதும், சாவிகளை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதும் அப்போதும் கற்றுத்தர வேண்டிய பாடங்களாகவே இருக்கும்.